டெண்டரில் தோற்றவர் கோர்ட்டுக்குப் போனால்...

மாசி வெயிலில் திருமழபாடிக் கொள்ளிடம் கண்ணுக்கு எட்டிய வரை மணலாகக் கிடக்கிறது. வைத்தியநாத சுவாமி கோயிலைத் தாண்டி ஆற்றில் இறங்கினால் செருப்பையும் மீறிக் காலில் சூடு ஏறும். கணுக்கால் நனையும் அளவுக்கு எங்கோ ஓர் ஓட்டம். அதைத் தேடிப் போய் மாடுகள் நிற்கும். பங்குனியில் நந்தித் திருக்கல்யாணத்துக்கு ஊர் நிறையக் கூட்டம் வரும். அதற்குள் கரையில் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் செய்துவிட வேண்டும். படித்துறை கட்டுவதோ, கரையைப் பலப்படுத்துவதோ, குடிநீர்க் கிணறு இறக்குவதோ எதுவானாலும் ஆறு விட்டுத்தரும் காலம் இதுதான். மேட்டூர் அணைக்கு வழக்கமான கணக்கு ஜூன் 12இல் திறப்பு, ஜனவரி 28இல் அடைப்பு. ஆற்றுவேலை பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டு தேதிகளும் மனப்பாடம்.

இதே மாதங்களில்தான் அரசு அலுவலகங்களைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் கான்ட்ராக்டர்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். நிதியாண்டு முடிவதற்குள் வேலையை ஒப்படைக்க வேண்டிய அவசரம் அதிகாரிகளுக்கு. டெண்டர் இப்போது ஆன்லைனில் திறக்கிறது. முதலில் டெக்னிக்கல் கவர். அதில் தேறியவர்களுக்கு மட்டும்தான் பிரைஸ் கவர். சால்வன்சி சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், டர்ன்ஓவர் கணக்குக்கு ஆடிட்டர், முன் அனுபவச் சான்றுக்குப் பழைய என்ஜினீயர் என்று அலைந்து, இ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகையைப் புரட்டிக் கட்டியவர் திரையைத் தடவிப் பார்க்கிறார். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரே ஒரு வரி. ஏன் என்று அதில் இல்லை. பிரைஸ் கவர் திறக்கும்போது, தான் போட்டதைவிட அதிக விலை கேட்டவருக்கு வேலை போகிறது என்று வேறொருவர் சொல்லி அவருக்குத் தெரிய வருகிறது.

அடுத்த போன் வக்கீலுக்குத்தான் போகும்.

அப்படிப் போகலாமா? போனால் என்ன ஆகும்? கான்ட்ராக்டரைத் தாண்டி ஊருக்கு அதனால் லாபமா, நட்டமா? சில லட்ச ரூபாய் ஊராட்சி வேலை முதல் பல ஆயிரம் கோடி சுரங்கச் சாலை வரை இன்று இந்தக் கேள்விகள் எழாத இடமில்லை.

மூடியில் ஒட்டிய வழக்கு

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் ஒரு சின்ன ஸ்டிக்கர். டாஸ்மாக் பாட்டிலின் மூடி மேல் ஒட்டியிருக்கும். சாய்த்துப் பிடித்தால் நிறம் மாறும். அந்த ஹாலோகிராம்தான் ‘இது தீர்வை கட்டிய சரக்கு’ என்பதற்கு அரசு தரும் அத்தாட்சி. பாலியெஸ்டரில் அதைத் தயாரித்துத் தரும் வேலைக்கு மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை டெண்டர் விட்டது. நிபந்தனைகள் ஓரிரு நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று கும்பட் ஹாலோகிராஃபிக்ஸ், ஆல்ஃபா லேசர்டெக் ஆகிய இரண்டு நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டன.

தனி நீதிபதி மனுக்களைத் தள்ளுபடி செய்தார். அப்பீலில் டிவிஷன் பெஞ்ச் அவர்கள் பக்கம் நின்றது. உடனே, வேலையைப் பெற்ற யுஃப்ளெக்ஸ் நிறுவனமும் தமிழக அரசும் உச்ச நீதிமன்றம் போயின. 2021 செப்டம்பர் 17 அன்று நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கௌல், ஹ்ருஷிகேஷ் ராய் அமர்வு டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பை ரத்து செய்தது. எந்த வகை ஹாலோகிராம் வேண்டும் என்று முடிவெடுப்பது வாங்குகிற அரசின் வேலை. அதில் நீதிமன்றம் நிபுணர் வேடம் போடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பின் கடைசிப் பகுதிதான் கான்ட்ராக்டர்கள் வட்டாரத்தில் அதிகம் பேசப்பட்டது. வழக்குச் செலவை வழக்குப் போட்ட நிறுவனங்களே தர வேண்டும் என்றது நீதிமன்றம். பேருக்கு ஐயாயிரம், பத்தாயிரம் என்று விதிக்கும் செலவுத் தொகை இல்லை இது. அரசுக்கு 23 லட்சம் ரூபாய்க்கு மேல். யுஃப்ளெக்ஸுக்கு 7 லட்சம் ரூபாய்க்கு மேல். வணிக லாபத்துக்காக வழக்காடுபவர் தோற்றால் எதிர்த்தரப்பின் உண்மையான செலவைச் சுமக்கத்தான் வேண்டும் என்ற நிலைப்பாடு அது.

பெரிய நிறுவனங்களுக்கு இந்தத் தொகை வரவு செலவில் ஒரு வரி. திருமானூர் ஒன்றியத்தில் ஒரு டிப்பர், ஒரு மிக்ஸர் மெஷின், நகைக்கடன் என்று தொழில் நடத்துபவருக்கு அப்படியில்லை. நியாயம் அவர் பக்கமே இருந்தாலும் இப்படி ஒரு தொகையைக் கேள்விப்பட்ட பிறகு வக்காலத்தில் கையெழுத்துப் போடக் கை நடுங்கும்.

வழக்குகள் வந்த வழி

அரசு யாருக்கு வேண்டுமானாலும் ஒப்பந்தம் கொடுக்கலாம் என்றிருந்த எண்ணத்தை உடைத்தது 1979இல் வந்த ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர். ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் தர ஹோட்டல்காரர்தான் வரலாம் என்பது நிபந்தனை. வேலை கிடைத்தவருக்கோ கேன்டீன் நடத்திய அனுபவம்தான். அரசு தானே விதித்த நிபந்தனையைத் தானே மீறக் கூடாது என்று நீதிபதி பி.என்.பகவதி தீர்ப்பு எழுதினார். ஆனால் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. மனுதாரர் ஐந்து மாதம் கழித்து வந்திருந்தார். அதற்குள் எதிர்த்தரப்பு பணம் போட்டுக் கடையைத் தயார் செய்துவிட்டது. மனுதாரர் வேறொருவருக்காக வந்தவர் என்ற சந்தேகமும் நீதிமன்றத்துக்கு இருந்தது. சட்டத்தில் ஜெயித்தவர் காலத்தில் தோற்றார்.

அடுத்தது செல்போன். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களுக்கான உரிமத்துக்கு 1992இல் டெண்டர் அழைத்தார்கள். தேர்வில் விடுபட்டவர்கள் வழக்குத் தொடுக்க, 1994 ஜூலை 26 அன்றுதான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. டாடா செல்லுலார் வழக்கு என்று இன்றும் ஒவ்வொரு டெண்டர் வழக்கிலும் எடுத்துக்காட்டப்படும் அந்தத் தீர்ப்பை எழுதியவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி எஸ்.மோகன். அரசு எடுத்த முடிவு சரியா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை. முடிவெடுத்த முறை ஒழுங்கானதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார் அவர். கல்கத்தாவிலிருந்து நாட்டின் முதல் செல்போன் அழைப்பு போனது அதற்கும் ஓராண்டு கழித்து, 1995 ஜூலை 31இல்.

அதன் பிறகு கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்பட்டே வந்திருக்கிறது. ஜகதீஷ் மண்டல் வழக்கு இரண்டு கேள்விகளை முன்வைத்தது. கெட்ட எண்ணமோ பாரபட்சமோ, அறிவுள்ள எவரும் எடுக்க மாட்டாத முடிவோ இருக்கிறதா? பொதுநலன் பாதிக்கப்படுகிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளும். 2018இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், சாலை, பாலம், குடிநீர் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளைத் தாமதப்படுத்தும் தடையுத்தரவு கூடாது என்றது. 2022இல் ஜார்க்கண்ட் சாலை ஒன்றைப் பற்றிய என்.ஜி.புராஜெக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், தவறு நடந்திருந்தாலும் வேலையை நிறுத்துவதைவிட நஷ்டஈட்டுக்கு வழிகாட்டுவதே நல்லது என்றது.

[பெட்டி] தமிழ்நாட்டுச் சட்டம் தருவது என்ன?

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் நாம்தான். 2000இல் விதிகள் வந்தன.

2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் டெண்டர் போட அவகாசம் தர வேண்டும். விலை குறைத்துக் கேட்டுப் பேரம் பேசுவதானால் எல்-1 எனப்படும் குறைந்த விலைக்காரரிடம் மட்டுமே பேசலாம். யாருக்கு வேலை, மற்றவர்கள் ஏன் நிராகரிக்கப்பட்டார்கள் என்ற காரணத்தை டெண்டர் புல்லட்டினுக்கு அனுப்ப வேண்டும்.

முடிவில் திருப்தி இல்லாதவர் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அக்கரை மதுரை, இக்கரை சென்னை

கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி அரியலூர் மாவட்டம். எதிர்க்கரை தஞ்சாவூர் மாவட்டம். தஞ்சாவூர்க்காரர் ரிட் போட வேண்டுமானால் 2004 ஜூலை முதல் இயங்கும் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லையிலேயே இருக்கின்றன. ஒரே ஆறு, ஒரே மாதிரி வேலை, கரை மாறினால் கோர்ட் மாறும். எந்தக் கோர்ட்டானாலும் ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால்தான் காலையில் வக்கீல் ஆபீஸ் வாசலில் நிற்க முடியும். பஸ் செலவு, ஃபீஸ், டைப்பிங் என்று முதல் வாய்தாவுக்கு முன்பே கையிருப்பு கரைந்துவிடும்.

அதுவரை இ.எம்.டி. என்ன ஆகும் என்ற கவலை வேறு. அடுத்த டெண்டரில் அதே அலுவலகத்தில், அதே என்ஜினீயரிடம்தான் போய் நிற்க வேண்டும். முடித்த வேலைக்கான பில் அங்கேதான் பாக்கி இருக்கும். அளவுப் புத்தகத்தில் எழுதுகிறவரைப் பகைத்துக்கொண்டு எந்தச் சின்ன கான்ட்ராக்டரும் இந்தத் தொழிலில் நீடிப்பது கஷ்டம். வழக்குக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே இது தெரியும்: பெரும்பாலும் பெரிய கைகள். சின்னவர்கள் மனதுக்குள் புழுங்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு வட்டாரத்தில் வருடக்கணக்கில் டெண்டர் வழக்கே இல்லை என்றால் அதை நல்ல நிர்வாகத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ‘இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு’ என்று கான்ட்ராக்டர்களே பேசி முடித்து, துணைக்கு இரண்டு பேர் விலையைக் கூட்டிப் போட்டுக் கொடுப்பதை ‘ரிங்’ என்பார்கள். அங்கே தோற்றவர் என்று யாரும் இல்லை. அதனால் வழக்கும் இல்லை. தோற்பது அரசுக் கஜானா. போட்டிச் சட்டம் இதைத் தடைசெய்கிறது. ஆனால் ரிங்கைக் காட்டிக்கொடுக்க, அதற்கு வெளியே ஒருவராவது நிஜமாகப் போட்டி போட்டுத் தோற்றிருக்க வேண்டும்.

தோற்றவர் வந்ததால் வெளிவந்த 3,000 கோடி

மும்பை அருகே தாணே கோட்பந்தர்–பயந்தர் பகுதியில் சுரங்கச் சாலை, உயர்மட்டச் சாலை என இரண்டு திட்டங்கள். மதிப்பு சுமார் 14,000 கோடி ரூபாய். எல் அண்ட் டி நிறுவனத்தை மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையம் டெக்னிக்கல் சுற்றிலேயே கழித்துவிட்டது. காரணத்தை முறையாகச் சொல்லவில்லை என்று அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2025 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. வேலையைப் பெறவிருந்த மேகா என்ஜினீயரிங் கேட்ட தொகையைவிட எல் அண்ட் டி கேட்டது ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் குறைவு.

அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் அமர்வு கேள்விகளை அடுக்கியது. மே 30 அன்று இரண்டு டெண்டர்களையும் ரத்து செய்வதாக அரசுத் தரப்பே சொல்லிவிட்டது. இந்த நிறுவனம் நல்லது, அந்த நிறுவனம் கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை. வழக்கு என்று ஒன்று வராமல் போயிருந்தால் அந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பே மக்களுக்குக் கிடைத்திருக்காது. தோற்ற போட்டியாளர் தன் லாபத்துக்காகத்தான் வருகிறார். அவர் கொண்டுவரும் காகிதங்கள் பொதுமக்களுக்குப் பயன்படுகின்றன. அதனால்தான் அவருக்கான கதவை முழுசாகச் சாத்திவிடக் கூடாது என்கிறேன்.

2024 அக்டோபரில் பன்சிதர் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே செய்துகாட்டியது. பாரத் கோக்கிங் கோல் நிறுவனம் ஒருவரை நிராகரிக்கக் காட்டிய காரணத்தை வேறொருவருக்குக் காட்டவில்லை; ஒரே தராசில் நிறுக்காத அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்தது.

வழக்கில் இல்லாத நாலாவது தரப்பு

டெண்டர் வழக்கில் மூன்று தரப்பு உண்டு. தோற்றவர், ஜெயித்தவர், துறை. மூவருக்கும் வக்கீல் இருக்கிறார். வேலை யாருக்காகவோ அந்த ஊருக்கு அங்கே நாற்காலி இல்லை.

ஒரு பேச்சுக்கு, கொள்ளிடக் கரையைப் பலப்படுத்தும் வேலைக்குப் பிப்ரவரியில் டெண்டர் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் ஸ்டே. கவுன்ட்டர் போட அரசு இரண்டு வாரம் கேட்கும். மே மாதம் கோர்ட் விடுமுறை. ஜூனில் ஸ்டே நீங்கி வொர்க் ஆர்டர் கைக்கு வரும்போது மேட்டூர் திறந்திருக்கும். மேலே கர்நாடகத்தில் மழை பிடித்துவிட்டால் உபரி நீர் வருவது கொள்ளிடத்தில்தான். வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆறே அது. பிறகு வடகிழக்குப் பருவமழை. கோர்ட்டில் போனது மூன்றே மாதம். ஆற்றங்கரையில் போனது ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் வெள்ளம் வந்தால் அரிக்கப்போவது வாழையும் கரும்பும் நிற்கும் படுகை நிலத்தைத்தான்.

அடுத்த ஆண்டு அதே வேலைக்கு விலைப்பட்டியல் மாறியிருக்கும். சிமென்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூர் மாவட்டத்திலேயே சிமென்ட் மூட்டை பழைய விலைக்குக் கிடைக்காது. எஸ்டிமேட்டைத் திருத்த வேண்டும், மறுபடி அனுமதி வாங்க வேண்டும். பேங்க் கேரன்டிக்குக் கமிஷன் கட்டிக்கொண்டு மெஷினைச் சும்மா நிறுத்திவைத்திருந்த ஜெயித்த கான்ட்ராக்டர், போன நட்டத்தைச் சரிக்கட்ட எங்கே கைவைப்பார் என்பதை ஊர்க்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். கம்பி மெலியும்; கலவையில் மணல் கூடும்.

மணல் என்றதும் இந்தக் கரை மக்களுக்கு வேறு நினைவுகளும் வரும். 2003 அக்டோபர் 2 முதல் ஆற்றுமணல் அள்ளும் உரிமை அரசுக்கு மட்டுமே என்று விதி வந்தது. குத்தகை பறிபோன தனியார் வழக்குக்குப் போனார்கள். அரசின் அதிகாரத்தை 2006இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மணல் அரசுடையதானாலும் அதை அள்ளி லாரியில் ஏற்றும் வேலை ஒப்பந்தக்காரர்களிடமே இருந்தது. 2023இல் மணல் விவகாரத்தில் அமலாக்கத் துறை சம்மன் அனுப்பிய ஐந்து மாவட்ட ஆட்சியர்களில் அரியலூர் ஆட்சியரும் ஒருவர். தங்கள் ஆற்றை யார் எந்த ஒப்பந்தத்தின் பேரில் தொடுகிறார்கள் என்று கேட்க, கரையில் குடியிருப்பவர்களுக்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

[பெட்டி] வெளியே எப்படி?

அமெரிக்காவில் தோற்ற நிறுவனம் குறித்த கெடுவுக்குள் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் முறையிட்டால் வேலை தானாகவே நிற்கும். ஆனால் 100 நாளுக்குள் முடிவு வந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிவை அறிவித்த பிறகு குறைந்தது 10 நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே கூடாது. ஆட்சேபம் இருப்பவர் அதற்குள் வந்துவிட வேண்டும்.

அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. 2019இல் மைக்ரோசாஃப்டுக்குக் கிடைத்த 1,000 கோடி டாலர் ராணுவக் கணினி ஒப்பந்தத்தை எதிர்த்து அமேசான் வழக்குப் போட்டது. இழுத்தடித்த வழக்கின் நடுவே 2021 ஜூலையில் அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்தது பென்டகன்.

பத்து நாள் கதவு

நம் சட்டத்திலும் 10 நாள் மேல்முறையீடு இருக்கிறது. அப்புறம் ஏன் எல்லோரும் நேரே உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள்? மேல்முறையீட்டைக் கேட்பது அதே அரசு. மாவட்டத்தில் எடுத்த முடிவைத் துறைச் செயலாளர் நிலையில் பார்க்கிறார்கள். அந்தச் செயலாளரின் துறைதான் டெண்டர் விட்டது. கிணற்றில் போட்ட கல்லாக மனு கிடக்கும் என்ற எண்ணம் கான்ட்ராக்டர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. மனு கிடக்கும்போதே மறுபக்கம் வொர்க் ஆர்டர் கொடுத்துவிட்டால், ரமணா ஷெட்டிக்குச் சொன்னதையே நீதிமன்றம் இவருக்கும் சொல்லும்: வேலை ஆரம்பித்துவிட்டது, தாமதமாக வந்துவிட்டீர்கள்.

ராஜஸ்தான் 2012இல் கொண்டுவந்த கொள்முதல் சட்டத்தில் இரண்டு படி மேல்முறையீடு வைத்தது. மத்திய அரசு அதே ஆண்டு கொண்டுவந்த பொதுக் கொள்முதல் மசோதா நாடாளுமன்றத்திலேயே காலாவதியானது. 1998இல் முன்னோடியாக நின்ற தமிழ்நாடு அந்த மேல்முறையீட்டுப் பிரிவை இப்போது திருத்தி எழுதலாம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அந்தத் துறையைச் சேராத என்ஜினீயர் ஒருவர், தணிக்கையாளர் ஒருவர் என்று தனி அமைப்பு வேண்டும். அவர்கள் உட்காரும் இடம் சென்னையில் மட்டும் இல்லாமல் திருச்சியிலும் இருக்கலாம். முறையீட்டுக்குக் கெடுவான 10 நாளும், அது தீரும் வரையும் வொர்க் ஆர்டர் கொடுக்கக் கூடாது. தீர்ப்புக்கு 15 நாள் போதும். பார்க்க வேண்டியதெல்லாம் ஒரு மதிப்பீட்டுப் பட்டியலும் நாலைந்து சான்றிதழ்களும்தான். வீம்புக்கு வருகிறவரின் முறையீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாம். உண்மையான குறையோடு வந்தவருக்குத் திருப்பித் தரலாம். லட்சக்கணக்கில் செலவுத்தொகை விதிக்கும்போது உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் மனுதாரரின் அளவைப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், செலவே இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நிராகரித்த காரணத்தை டெக்னிக்கல் கவர் திறந்த அன்றே, அந்த இணையப் பக்கத்திலேயே, தமிழில் முழு வாக்கியமாகப் போட வேண்டும். எந்த நிபந்தனை எண், எந்தச் சான்றிதழில் என்ன குறை, அதே சான்றிதழ் மற்றவர்களிடம் எப்படி இருந்தது என்பது அதில் இருக்க வேண்டும். சட்டப்படி டெண்டர் புல்லட்டினுக்குப் போக வேண்டிய விவரம்தான் இது. ஒவ்வொரு வேலைக்கும் அந்தப் பக்கத்தை அச்சடித்து ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒட்டலாம். கிராம சபையில் எழுந்து அதைப் பற்றிக் கேட்கத் திருமழபாடியில் ஆள் உண்டு.